மெல்பனில் கார் இல்லாமல் ஒரு நாள்: ஆஸ்திரேலிய விலங்குகளை எங்கே, எப்படிப் பார்ப்பது?

நிலா_கார்ல்டன்
வணக்கம். ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் மெல்பன் வந்திருக்கிறேன், ஜாகை கார்ல்டனில். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமையை முழுசா ஒதுக்கி இந்த நாட்டு விலங்குகளை மட்டும் பார்க்கணும். சிங்கம், யானை எல்லாம் வேண்டாம். கார் இல்லை, லைசென்ஸும் இல்லை. கேள்விகள் மூன்று. மெல்பன் ஜூ போதுமா, ஹீல்ஸ்வில் வனவிலங்குச் சரணாலயம் வரை போகணுமா? கோவாலாவைத் தூக்கி வைத்துப் படம் எடுக்கலாமா? அதே நாள் சாயங்காலம் பிலிப் தீவில் பென்குவினையும் சேர்த்துக்கலாமா?

கானகன்
கடைசிக் கேள்வியிலிருந்து முதல் கேள்விக்கு வருகிறேன்.

பென்குவின்: முடியாது. ஹீல்ஸ்வில் நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 65 கிலோமீட்டர், பிலிப் தீவு தென்கிழக்கே சுமார் 140. பென்குவின்கள் இருட்டின பிறகுதான் கடலை விட்டுக் கரையேறும். அந்த நேரத்துக்குப் பிறகு தீவிலிருந்து மெல்பனுக்குப் பொதுப் போக்குவரத்து கிடையாது. டூர் பஸ்ஸில்தான் போகணும், அது தனி நாள். அங்கே கரையேறும் இடத்தில் போன் உட்பட எந்தக் கேமராவுக்கும் அனுமதி இல்லை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

கோவாலா: மெல்பன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அதைப் பார்வையாளர்கள் கையில் கொடுப்பது சட்டப்படி தடை. நியூ சவுத் வேல்ஸிலும் அப்படியே. குவீன்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியாவில் கட்டுப்பாடுகளோடு இன்னும் அனுமதி உண்டு. ஆனால் பிரிஸ்பேனில் 1927 முதல் இருக்கும் லோன் பைன் சரணாலயமே 2024இல் அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டது. நாளில் பெரும்பகுதி தூங்கி, சத்துக் குறைந்த யூகலிப்டஸ் இலையை மெதுவாகச் செரித்து வாழ்கிற பிராணி அது. ஆள் மாற்றி ஆள் கைக்குப் போனால் அதற்கு அழுத்தம்தான். ஒரு ஆறுதல்: விக்டோரியா கோவாலா குவீன்ஸ்லாந்து கோவாலாவை விடப் பெரிசு, ரோமமும் அடர்த்தி. வளர்ந்த ஆண் சராசரியாகவே சுமார் 12 கிலோ இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே நன்றாகத் தெரியும்.

ஜூவா ஹீல்ஸ்விலா: நீங்கள் கேட்டது உள்நாட்டு விலங்கு மட்டும் என்றால் ஹீல்ஸ்வில்தான். காரணம் பிளாட்டிபஸ், வாத்து அலகு போன்ற அலகுள்ள, முட்டையிடும் நீர்ப் பாலூட்டி. உலகத்திலேயே முதன்முதலாக மனிதப் பராமரிப்பில் பிளாட்டிபஸ் குஞ்சு வளர்ந்தது அங்கேதான், 1943இல், டேவிட் ஃபிளே என்பவரின் முயற்சியில். அடுத்த குஞ்சு கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அவ்வளவு கஷ்டமான பிராணி.

தெற்குக்காற்று
கானகன் எப்போதும் ஹீல்ஸ்வில் கட்சி. எதிர்க்கட்சியாக ஒன்று சொல்கிறேன். கங்காருவைப் பக்கத்தில் நின்று பார்க்கணும், கையால் தீனி போடணும் என்றால் பல்லாரட் வனவிலங்குப் பூங்கா மேல். அங்கே கங்காருக்கள் புல்வெளியில் அவிழ்த்துவிட்டபடி திரியும், தீனியை வாயிலிலேயே விற்பார்கள். சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து வி/லைன் என்ற வெளியூர் ரயிலில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். 2023 மார்ச் 31 முதல் வி/லைன் கட்டணத்துக்கும் மெல்பன் நகரத் தினசரி உச்சவரம்புதான் (ஒரு நாளில் எத்தனை பயணம் போனாலும் அதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள்). அதாவது பல்லாரட் போய் வந்தாலும் ஹீல்ஸ்வில் போய் வந்தாலும் பயணச் செலவு ஒன்றே.

மைகி_மாமா
கட்டணம் பற்றி தெற்குக்காற்று சொன்னது சரி. வார இறுதியில் உச்சவரம்பு வாரநாளை விடக் குறைவு, அதனால் சனிக்கிழமை நல்ல தேர்வு.

ஆனால் முதலில் ஒரு விஷயம், நிலா. நீங்கள் எக்ஸ்சேஞ்ச் மாணவி. முழுக் கட்டணம் கட்டிப் படிக்கிற வெளிநாட்டு மாணவர்களுக்கு இங்கே பொதுவாகக் கன்செஷன் கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்கள் அதற்கு விதிவிலக்கு. பல பேர் இது தெரியாமலே செமஸ்டர் முழுக்க முழுக் கட்டணம் கட்டிவிட்டு ஊருக்குப் போகிறார்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவை மேசையில் கேட்டு அத்தாட்சியை வாங்குங்கள். அத்தாட்சி கையில் இல்லாமல் கன்செஷன் மைகியோடு (மைகி என்பது இங்கே பயண அட்டை) பிடிபட்டால் அபராதம். "நான் ஸ்டூடண்ட்" என்று சொல்வது எடுபடாது.

இனி பாதை. ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டிலிருந்து லில்லிடேல் ரயில், கடைசி நிலையம் வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம். லில்லிடேலிலிருந்து 685 பஸ் ஹீல்ஸ்வில் ஊருக்கு, முக்கால் மணி வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சரணாலயம் பேட்ஜர் கிரீக்கில், தெற்கே சுமார் நாலு கிலோமீட்டர். 685இல் சில நடைகள் மட்டும் நேராகச் சரணாலயம் வரை போகும். மற்ற நேரத்தில் ஊரில் இறங்கி 686க்கு மாறணும். இந்தக் கடைசி நாலு கிலோமீட்டரில்தான் எல்லாத் திட்டமும் கவிழும். அதனால் திட்டத்தைக் காலையிலிருந்து போடாதீர்கள். சாயங்காலம் சரணாலய வாசலில் எந்த பஸ் கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். சனிக்கிழமை அட்டவணை வேறு, ஞாயிறு வேறு. டிரான்ஸ்போர்ட் விக்டோரியா ஆப்பில் தேதியை மாற்றிப் போட்டுத் தேடணும். வெள்ளிக்கிழமை தேடினால் வெள்ளிக்கிழமை பஸ்ஸைத்தான் காட்டும்.

நிலா_கார்ல்டன்
கன்செஷன் விஷயம் யாருமே சொல்லலை, ரொம்ப நன்றி மாமா. பஸ் தவறினால் அந்த நாலு கிலோமீட்டரை நடக்கலாமா?

மைகி_மாமா
பகலில் நடக்கலாம், ஒரு மணி நேரம் ஆகும். மழை நாளிலும் இருட்டின பிறகும் வேண்டாம். ஊரில் டாக்ஸி இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஆப்பில் கூப்பிட்டால் வண்டி வர நேரமாகும், சில நேரம் வரவே வராது.

இன்னும் சில சிக்கல்கள். லில்லிடேல் ரயிலும் பெல்கிரேவ் ரயிலும் ரிங்வுட் வரை ஒரே தண்டவாளம். தூக்கக் கலக்கத்தில் பெல்கிரேவ் வண்டியில் ஏறிவிட்டால் ரிங்வுட்டில் இறங்கி அடுத்த லில்லிடேல் வண்டியைப் பிடிக்கலாம். ரிங்வுட்டைத் தாண்டிவிட்டால் லில்லிடேலில் உங்கள் பஸ் போயிருக்கும். வார இறுதியில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அப்போது பயணம் நீளும். வியாழக்கிழமையே பாருங்கள், தேவையானால் தேதியை மாற்றுங்கள்.

மைகியில் பணம் போடுவதை லில்லிடேலில் பார்த்துக்கலாம் என்று விடாதீர்கள். முந்தின நாளே போடுங்கள். பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொடணும்.

டான்டினாங்_அக்கா
தங்கச்சி, நான் உடுப்பும் சாப்பாடும் சொல்லுறன், மற்றவை மிச்சத்தைச் சொல்லட்டும்.

செப்டம்பரில சிட்டியில வெயில் எண்டாலும் ஹீல்ஸ்வில் மலையடிவாரம். காலமை சரியான குளிர், மழை எப்ப வேணுமெண்டாலும் வரும். குடை ஒண்டும் சரிவராது, அங்க பறவைகளைப் பறக்கவிட்டுக் காட்டுற காட்சியில பின்னால இருக்கிற ஆளுக்கு மறைக்கும். தொப்பி வைச்ச ரெயின் ஜாக்கெட் எடுங்கோ. உள்ளுக்கு ரெண்டு மெல்லிசு உடுப்பு, வெயில் ஏறக் கழட்டலாம். சப்பாத்து மூடினதாப் போடுங்கோ. முகில் எண்டாலும் சன்ஸ்கிரீன் பூசாமப் போகாதேங்கோ. இந்த நாட்டு வெயில் எங்கட வெயில் மாதிரி உறைக்காது, ஆனா தோலை எரிக்கும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம், இருந்து சாப்பிட இடம் இருக்கு, கஃபேயும் இருக்கு. ஆனா சாண்ட்விச்சைக் கையில பிடிச்சுக்கொண்டு கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. கூக்கபரா மரத்தில இருந்து சத்தமில்லாம வந்து பறிச்சுக்கொண்டு போகும். அதின்ர சொண்டு தடிப்பு, விரலும் சேர்ந்து காயப்படும். வெள்ளை ஐபிஸ் எண்ட பறவை மேசைக்கே வந்து நிக்கும். மூடி போட்ட டப்பா, சுவருக்கு முதுகு காட்டி இருந்து சாப்பிடுறது, இவ்வளவுதான் வழி.

கானகன்
அக்கா சொன்னதோடு ஒன்று: மிச்சச் சோற்றையும் ரொட்டியையும் எந்த விலங்குக்கும் போடாதீர்கள். கங்காருவுக்கு மெத்தென்ற ரொட்டி பெரிய ஆபத்து. அது நார் நிறைந்த புல்லை அரைப்பதற்கான வாய். மாவுப் பண்டம் பல்லில் ஒட்டி ஈறு புண்ணாகி, பாக்டீரியா தாடை எலும்புக்குப் போகும். தாடை வீங்கித் தின்ன முடியாமல் பட்டினியில் சாகும். காட்டுக் கங்காருக்கள் திரியும் பூங்காக்களில் "தீனி போடாதீர்" என்று பலகை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெற்குக்காற்று சொன்ன பல்லாரட்டில் போடலாம். ஆனால் அவர்கள் விற்கும் உருண்டைத் தீனி மட்டும். உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள், விரலால் பிடித்து ஊட்டாதீர்கள். ஆண் கங்காரு நிமிர்ந்து நின்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டினால் தீனியை அங்கேயே விட்டுவிட்டு, குனிந்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். முதுகைக் காட்டி ஓடக் கூடாது.

நிலா_கார்ல்டன்
சரி, ஹீல்ஸ்வில் என்றே முடிவு பண்ணிட்டேன். உள்ளே போனதும் எந்த வரிசையில் பார்ப்பது? 9 முதல் 5 வரை என்று போட்டிருக்கு. ஆறு ஏழு மணி நேரம் அதிகமில்லையா?

கானகன்
அதிகமில்லை, பஸ்ஸைக் கழித்தால் உங்களுக்கு ஐந்தரை மணி நேரம் கிடைத்தாலே பெரிசு.

பெரும்பாலானவர்கள் பண்ணுவது: வாசலில் படம், கண்ணில் பட்ட கோவாலா, கங்காரு, மதியம் சாப்பாடு, கடைசியில் களைத்துப்போய்ப் பிளாட்டிபஸ். அது தலைகீழ். காலையில் டிங்கோ (காட்டு நாய்), வாலபி (சின்னக் கங்காரு வகை), கங்காரு எல்லாம் நடமாடும். வெயில் ஏறினால் நிழலில் படுத்துவிடும், பார்த்தாலும் பழுப்பு மேடு ஒன்றுதான் தெரியும். அதனால் வந்ததும் திறந்தவெளிப் பக்கம் போங்கள். பிளாட்டிபஸ்ஸை இருட்டுக் கொட்டகையில் பகலிரவை மாற்றி வைத்திருக்கிறார்கள். நம் பகல் அதற்கு இரவு. ஆகவே நடுப்பகலில் போனாலும் நீந்திக்கொண்டிருக்கும். மழை வந்தால் ஒதுங்கவும் அதுவே இடம்.

அங்கே மூன்று விஷயம். உள்ளே நுழைந்ததும் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் இருட்டுக்குப் பழகணும். போன் திரையை அணையுங்கள், உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நிற்கிறவருக்கும் கண் கூசும். மூன்றாவது, அளவு. படங்களைப் பார்த்துவிட்டு நாய்க்குட்டி அளவுக்கு எதிர்பார்க்கிறார்கள். மூக்கிலிருந்து வால் வரை அரை மீட்டர் அளவுதான். பெரிசாக எதையோ தேடிக்கொண்டு, கண்ணெதிரே நீந்துவதைத் தவறவிடுவார்கள். கண்ணாடியில் மேலெழும் குமிழிகளைப் பாருங்கள், அதற்குக் கீழே இருக்கும். நீருக்குள் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்ளும். இரையின் தசை அசைவில் வரும் மின்துடிப்பை அலகு உணரும். தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே போவது அதற்காகத்தான்.

கோவாலாவுக்கென்று தனி நேரம் எதுவும் வைக்க வேண்டாம். பராமரிப்பாளர் புதுக் கிளை வைக்கிறபோது விழிக்கும். அன்றைய பராமரிப்பாளர் பேச்சுகளின் நேரம் வாசலில் இருக்கும், முதலில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாஸ்மேனியன் டெவிலுக்கும் பேச்சு நேரத்தில் போங்கள். சும்மா போனால் வளைக்குள் தூங்கும் கறுப்பு முதுகு மட்டும் தெரியும். அதற்குப் பரவும் முகக் கட்டிப் புற்றுநோய் 1996இல் முதலில் கவனிக்கப்பட்டது. கடிபடும்போது ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிற அரிய வகைப் புற்றுநோய். ஹீல்ஸ்விலில் இருப்பவை நோய் அண்டாத காப்புக் கூட்டத்தைச் சேர்ந்தவை. வாம்பட்டும் இரவுப் பிராணி, எழுந்திருந்தால் அதிர்ஷ்டம்.

எக்கிட்னா என்ற முள்ளெறும்புண்ணிக்கு வெப்பம் ஆகாது. செப்டம்பர் குளிரில் பட்டப்பகலிலேயே மண்ணைக் கிளறிக்கொண்டு நடக்கும். கோடையில் வருகிறவர்களுக்கு இது கிடைக்காது.

தெற்குக்காற்று
லைர்பேர்டை விட்டுவிட்டாரே! அதன் பாட்டுக் காலம் குளிர்காலம், ஜூன் முதல் ஆகஸ்ட். செப்டம்பர் தொடக்கத்தில் போனால் வாலை விரித்து ஆடுவது இன்னும் கிடைக்கலாம், மாதக் கடைசியில் சந்தேகம். மற்றப் பறவைகளின் குரலை அப்படியே திருப்பிப் பாடும். நாலைந்து பறவைக் குரல் ஒரே புதரிலிருந்து வரிசையாக வந்தால் அதுதான். காட்டில் பார்க்க ஆசை என்றால் இன்னொரு நாள் பெல்கிரேவ் ரயிலில் கடைசி வரை போய் ஷெர்புரூக் காட்டில் நடங்கள். அதற்கு டிக்கெட்டும் இல்லை.

சனிக்கிழமையைத் தேர்வு செய்யும்போது பள்ளி விடுமுறையைப் பாருங்கள். விக்டோரியாவில் மூன்றாம் பருவ விடுமுறை செப்டம்பர் பிற்பாதியில் தொடங்கும். அதற்குள் போய்விடுங்கள். பிளாட்டிபஸ் கண்ணாடி முன்னால் குழந்தைத் தள்ளுவண்டி வரிசை நின்றால் கானகன் சொன்ன ஐந்து நிமிடம் கிடைக்காது.

லென்ஸ்_பாய்
படம் பற்றி. கம்பிவலைக்குப் பின்னால் இருக்கும் விலங்குக்கு லென்ஸை வலைக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ வையுங்கள். விலங்கு வலையிலிருந்து தள்ளி இருக்கும் கணத்துக்குக் காத்திருங்கள். அப்போது வலை மங்கி மறைந்துவிடும். விலங்கு வலையை ஒட்டி நின்றால் எந்தக் கேமராவாலும் முடியாது. போனில் எடுப்பவர்கள் லென்ஸை வலையின் ஓட்டைக்கு நேரே பிடித்தால் போதும். கண்ணாடி என்றால் கறுப்பு ஜாக்கெட்டால் போனைச் சுற்றி மறைத்தால் எதிரொளிப்பு போகும்.

பிளாட்டிபஸ்ஸுக்கு ஃபிளாஷ் கூடவே கூடாது. இருட்டில் வேகமாகத் திரும்புகிற பிராணி, போன் படம் கலங்கித்தான் வரும். வீடியோ கொஞ்சம் பரவாயில்லை. என்னைக் கேட்டால் அங்கே போனைப் பையில் போடுங்கள்.

பறவைக் காட்சிக்கு இருபது நிமிடம் முன்னால் போய் நடைபாதை ஓரமாக உட்காருங்கள். இறக்கை விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும் ஆப்புவால் கழுகு தலைக்கு மேலே பறக்கும். கிட்ட வரும்போது ஜூம் உதவாது. அகலக் கோணத்தில் வைத்துத் தொடர்ந்து எடுங்கள். பலத்த காற்று, மழை என்றால் காட்சி ரத்தாகும். காலைக் காட்சி இருந்தால் அதற்கே போங்கள், மதியத்துக்குத் தள்ளாதீர்கள்.

நிலா_கார்ல்டன்
பாம்பு? ரூம்மேட் பயமுறுத்துகிறாள்.

கானகன்
செப்டம்பரில் பாம்புகள் வெயில் காய வெளியே வரத் தொடங்கும். பாதையை விட்டு இறங்காத வரை கவலை இல்லை. நீளப் புல்லில் கால் வைக்காதீர்கள். கண்டால் நின்று, பின்வாங்கி, ஊழியரிடம் சொல்லுங்கள். கடித்தால் 000. கடிவாயைக் கழுவக் கூடாது, கீறக் கூடாது. இறுக்கமான எலாஸ்டிக் பேண்டேஜை அந்தக் கை அல்லது கால் முழுக்கச் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் வைக்கணும். நம் ஊரில் கயிற்றால் இறுகக் கட்டுவது போல இங்கே செய்யக் கூடாது.

செப்டம்பரில் நிஜமாகத் தொல்லை கொடுப்பது மேக்பை. கூடு கட்டும் காலம், பின்னாலிருந்து தலையைக் குறிவைத்துப் பாயும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, ஓடாமல் வேகமாக நடந்து அந்த மரத்தைக் கடந்துவிடுங்கள். இது ஹீல்ஸ்விலுக்கு மட்டுமில்லை, கார்ல்டன் பூங்காக்களுக்கும் சேர்த்துத்தான்.

ரிங்வுட்_ராஜி
கோடையில் இந்த இழையைப் படிப்பவர்களுக்கு: ஹீல்ஸ்வில் காட்டுத்தீப் பகுதி. தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் சரணாலயம் மூடும். 2009 பிப்ரவரித் தீயின்போது அருகிவரும் இனங்களை மெல்பன் ஜூவுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். முந்தின நாள் மாலை விக்எமர்ஜென்சி என்ற அவசர எச்சரிக்கை ஆப்பையும் சரணாலயத் தளத்தையும் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

விலங்கு மருத்துவமனையை யாரும் சொல்லவில்லையே. உள்ளேயே இருக்கிறது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மருத்துவர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். காரில் அடிபட்டு வந்த காட்டு விலங்குகளுக்கும் அங்கே வைத்தியம். வாரநாளில் வேலை மும்முரம், சனிக்கிழமையும் எட்டிப் பாருங்கள்.

திரும்பும் வழியில் சாலையோரம் அடிபட்ட விலங்கைப் பார்த்தால் வைல்ட்லைஃப் விக்டோரியா எண் 03 8400 7300. செத்த கங்காருவின் பையில் குட்டி உயிரோடு இருக்கலாம். முலைக்காம்பைக் கவ்வியிருந்தால் இழுத்து எடுக்காதீர்கள், வாய் கிழியும். எண்ணுக்குப் பேசி அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

தெற்குக்காற்று
நுழைவதற்கு முன் தெரிந்துகொள்ள ஒன்று. அந்தச் சரணாலய நிலம் வுருண்ட்ஜெரி என்ற பூர்வகுடி மக்களுடையது. 1863இல் அமைந்த கோரண்டர்க் குடியிருப்பின் ஒரு பகுதி. அவர்களுடைய தலைவர் வில்லியம் பராக் வாழ்ந்து போராடிய இடம். அதிலிருந்து 78 ஏக்கரை 1920இல் காலின் மெக்கென்சி என்ற உடற்கூறு மருத்துவர் ஆராய்ச்சிக்காகக் குத்தகைக்கு எடுத்தார். 1934இல் பொதுமக்களுக்குச் சரணாலயமாகத் திறந்தார்கள். உள்ளே வுருண்ட்ஜெரி பற்றிய பலகைகளைப் படித்துக்கொண்டு நடங்கள். பல பேர் கழிப்பறை அறிவிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள்.

நிலா_கார்ல்டன்
எல்லாருக்கும் நன்றி. கடைசி சந்தேகம்: சாயங்கால பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு வெளியே வரணும்? கிஃப்ட் ஷாப் வேற இருக்கு.

மைகி_மாமா
வெளியேறும் வழி கடை வழியாகத்தான், அதனால் கடையைத் தனியாகக் கணக்கில் வையுங்கள். பஸ் நேரத்துக்கு 15 நிமிடம் முன்னால் நிறுத்தத்தில் நில்லுங்கள். நிறுத்தம் எங்கே என்று காலையில் இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ் அதே பக்கத்தில் நிற்குமா என்று டிரைவரிடம் கேட்டுவிடுங்கள். பஸ் வருவதைப் பார்த்ததும் கையை நீட்டணும், நீட்டாவிட்டால் நிற்காமல் போய்விடும். சரணாலய பஸ் தவறினால் பதற வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்கு நடந்து வந்து அடுத்த 685ஐப் பிடிக்கலாம். அதற்காகவே கடைசி பஸ்ஸுக்குத் திட்டம் போடாமல் அதற்கு முந்தினதுக்குப் போடுங்கள்.

டான்டினாங்_அக்கா
போனுக்கு பவர் பேங்க் எடுங்கோ தங்கச்சி. பின்னேரம் சார்ஜ் போனா உங்கட பஸ் நேரமும் அதோட போயிடும். நேரத்தை ஒரு கடுதாசியிலயும் எழுதி வையுங்கோ.